வெள்ளிப் பசை காட்டிய 41

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாய்களான நானோகுழாயை, ஹார்டனர் சேர்த்தால் இறுகும் எபாக்சி ரெசினில் கலந்து, இழுக்கும்போது மின்தடை மாறுகிற துண்டுகளைச் செய்து ஆய்வுப் பட்டம் வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் அவ்வப்போது இருக்கத்தான் செய்கிறார்கள். 2022 ஜனவரியில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்கிறேன். இந்தப் பொருளைக் கையால் தொட்டவர் அப்போது என் துறையில் எவரும் இல்லை. கட்டுரைகளை அடுக்கிவைத்துப் படித்தேன். ஆனால் எது எப்படிக் கெட்டுப்போகும் என்பதைக் கட்டுரைகள் எழுதுவதில்லை. 22 மாதங்களும், சம்பளத்திலிருந்தும் அடகுக்குப் போன இரண்டு வளையல்களிலிருந்தும் எடுத்த 1,63,000 ரூபாயும் எதில் கரைந்தன என்பதை, அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எண்ணம் பிறந்தது முப்பந்தலில். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது இரு பக்கமும் சுழலும் காற்றாலைகளைப் பார்க்காமல் போக முடியாது. அந்த இறக்கைகள் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. ஒவ்வொரு சுற்றிலும் அவை வளைந்து நிமிர்கின்றன. உள்ளே விரிசல் தொடங்கினால் வெளியிலிருந்து தெரியாது. வழக்கமான உலோகத் தகட்டுத் திரிபுமானியை ஒட்டினால், ஒட்டிய இடத்தில் உள்ள திரிபை, அதாவது நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதை மட்டுமே அது சொல்லும். ரெசினுக்குள்ளேயே நானோகுழாயைக் கலந்துவிட்டால் இறக்கை முழுவதும் தன்னைத் தானே அளந்துகொள்ளும் என்று நினைத்தேன். 1991-இல் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி எழுதிய பிறகு உலகெங்கும் பலருக்கு வந்த ஆசைதான் இது. எனக்கு 30 ஆண்டுகள் தாமதித்து வந்தது.

தத்துவம் எளிது. எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது; நானோகுழாய் நன்றாகக் கடத்தும். குழாய்களின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும், அவை ஒன்றையொன்று தொட்டோ மிக நெருங்கியோ நின்று, துண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு வலையை அமைக்கின்றன. அந்த வரம்பைப் பெர்கோலேஷன் வரம்பு என்கிறார்கள். நன்றாகக் கலைந்த கலவையில் அது எடையில் 0.1 சதவீதத்துக்கும் கீழேகூட வந்துவிடும். தொடாமல் நெருங்கி நிற்கும் இரு குழாய்களுக்கு நடுவே சில நானோமீட்டருக்கும் குறைவான எபாக்சி இடைவெளியை எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கடக்கின்றன. இந்த ஊடுருவலுக்கான தடை, இடைவெளி சிறிது கூடினாலே பன்மடங்கு கூடிவிடும். துண்டை இழுத்தால் இடைவெளி அகலும், மின்தடை ஏறும். மின்தடையில் ஏற்படும் விகித மாற்றத்தைத் திரிபால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் கேஜ் ஃபேக்டர் என்கிறோம். உலோகத் தகட்டு மானிகளுக்கு இது ஏறத்தாழ 2. நானோகுழாய்க் கலவையில் எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் கட்டுரை எழுதுகிறவர்களின் போட்டி எல்லாம் நடக்கிறது. நானும் அந்த ஓர் எண்ணின் பின்னால்தான் ஓடினேன்.

முதல் இழப்பு வாங்குவதிலேயே நடந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகள் உள்ள பல சுவர் நானோகுழாய் 10 கிராமை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதங்களில் அது தீர்ந்துபோனதும், விலை குறைவாகச் சொன்ன வேறொருவரிடம் 25 கிராம் வாங்கினேன். முதல் தூளில் 0.5 சதவீதத்தில் கிடைத்த கடத்துதிறன், இரண்டாவது தூளில் 1 சதவீதம் போட்டும் கிடைக்கவில்லை. குழாய்களின் நீளமும், உள்ளே மிஞ்சியிருந்த வினையூக்கி உலோகத்தின் அளவும் வேறாக இருந்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க முதல் தூளில் ஒரு சிட்டிகைகூட நான் வைத்திருக்கவில்லை. எனவே ஆய்வு முழுவதற்கும் போதுமான தூளை ஒரே தொகுதியில் வாங்குங்கள், தொகுதி எண்ணைக் குறித்துவையுங்கள், எரித்துப் பார்த்த எடைக்குறைவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அரை கிராமையாவது தனியே எடுத்துவையுங்கள். இன்னொரு சிறிய கணக்குப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ரெசினில் அரை கிராம் தூளைப் போட்டுவிட்டு 0.5 சதவீதம் என்று ஓராண்டாக எழுதிக்கொண்டிருந்தேன். அதன்மேல் 10 கிராம் ஹார்டனர் சேர்ந்தபின் உண்மையில் அது 0.45 சதவீதம்தான். வரம்புக்கு அருகே வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தூளைக் கையாள்வதைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லவில்லை. மின்விசிறிக்குக் கீழே, முகக்கவசம் இல்லாமல், மேசைமேல் எடை போட்டேன். பஞ்சு போன்ற அந்தக் கறுப்புத் தூள் எழும்பி மூக்கினுள் போவது கைக்குட்டையில் கறுப்பாகத் தெரிந்த பிறகுதான் பயம் வந்தது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். பல சுவர்க் குழாய்களில் ஒரு வகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. விசிறியை நிறுத்திவிட்டு, என்95 கவசமும் கையுறையும் அணிந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் வைத்து எடை போடுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ரெசினுக்குள் போய் நனைந்துவிட்டால் தூள் பறப்பது நின்றுவிடும். ஆனால் இறுகிய துண்டை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது மறுபடியும் கவனம் வேண்டும்.

அடுத்து, தூளைக் கலைப்பது. நானோகுழாய்கள் ஒன்றோடொன்று கவர்ந்து கற்றை கற்றையாக ஒட்டிக்கிடக்கும். கரண்டியால் கலக்கினால் புளிக்கரைசலில் கிடக்கும் நார் போல உருண்டு திரளும். அசிட்டோனில் போட்டு, சோனிகேட்டர் என்ற மீயொலிக் கருவியால் கலைத்து, அதை ரெசினில் சேர்த்து, அசிட்டோனை ஆவியாக்குவது என்பதே நான் எடுத்துக்கொண்ட வழி. அந்தக் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. திருவனந்தபுரத்திலுள்ள ஒரு நிறுவனத்தில் மணிக்கு 600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். காலையில் இரணியலில் ரயில் ஏறி, குழித்துறை, பாறசாலை தாண்டிப் போய், மாலை வரை ஐஸ் தண்ணீருக்குள் பீக்கரை வைத்துக் காத்திருந்துவிட்டு, கறுப்பு ரெசின் டப்பாவோடு இரவு வீடு திரும்புவேன். அப்படி 19 நாட்கள் போயிருக்கிறேன். பாதிக்குமேல் சம்பளமில்லா விடுப்பு.

இங்கே இரண்டு தவறுகள் செய்தேன். கட்டணம் கொடுத்த கருவியை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்ற கஞ்சத்தனத்தில், 40 நிமிடம் போதுமான கலவையை மூன்று மணி நேரம் ஓட்டினேன். மீயொலி கற்றைகளைப் பிரிப்பதோடு நிற்காது. நேரம் கூடக்கூடக் குழாய்களையே ஒடித்துக் குட்டையாக்கிவிடும். குட்டையான குழாய்கள் வலை கட்ட அதிக அளவில் தேவைப்படும். கண்ணுக்கு மை போல வழவழவென்று இருந்த கலவைதான் மின்சாரத்தைக் கடத்தாத கலவையாக முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளியை எடுத்து, கண்ணாடி வில்லையில் பரப்பி, சாதாரண நுண்நோக்கியில் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டுகள் குறைவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். எஸ்இஎம் எனும் எலக்ட்ரான் நுண்நோக்கிப் படத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்துக் காத்திருப்பதற்குமுன், இந்தச் செலவில்லாத சோதனை முக்கால்வாசிச் செய்தியைச் சொல்லிவிடும்.

இரண்டாவது தவறு அசிட்டோன். வாசனை போய்விட்டது, எனவே அசிட்டோனும் போய்விட்டது என்று நம்பினேன். மிஞ்சிய அசிட்டோன் இறுகும்போது குமிழியாகிறது, இறுகிய எபாக்சியை மென்மையாக்குகிறது. போதாததற்கு, அமீன் வகை ஹார்டனரோடு தானே வினைபுரிந்து அதன் ஒரு பகுதியை வீணாக்கியும் விடுகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் துண்டுகளை நான் ஏழெட்டு வார்ப்புகளில் எடுத்தேன். இதற்குத் தேவைப்பட்டது ஒரு தராசு மட்டுமே. வெறும் பீக்கரின் எடை, ரெசினின் எடை, தூளின் எடை ஆகிய மூன்றையும் முன்பே குறித்துவைத்து, சூடாக்கும்போது மொத்த எடை அந்தக் கூட்டுத்தொகைக்கு இறங்கி, அரை மணி இடைவெளியில் இரண்டு முறை மாறாமல் நிற்கும் வரை காத்திருந்தால் போதும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஹார்டனரை ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும்தான். எடையில் பத்துக்கு ஒன்று. 60 டிகிரியில் இருந்த 100 கிராம் ரெசின், ஹார்டனர் விழுந்த சில நிமிடங்களில் தானே கொதித்து, புகைந்து, பிளாஸ்டிக் கோப்பையை உருக்கிக்கொண்டு கல்லாகிப்போனது. ஒரு நாள் பயணம், ஆறு மணி நேரக் கட்டணம், அரை கிராம் தூள் எல்லாம் அந்தக் கல்லுக்குள் இருக்கின்றன. மேசையில் தாள் பறக்காமல் வைக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

2023 ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் வார்த்த துண்டுகள்தான் என் ஆய்வைத் திசைமாற்றியவை. மறுநாள் அச்சிலிருந்து எடுத்தபோது காற்றுபட்ட மேல்பக்கம் மெழுகு பூசியதுபோல் பிசுபிசுத்தது. கலவை விகிதத்தில் பிழை என்று நினைத்து மறுபடி வார்த்தேன், மறுபடியும் அப்படியே. குளச்சலில் எங்கள் சித்தப்பா முப்பது ஆண்டுகளாகப் பைபர் வள்ளம் கட்டுகிறவர், பழுது பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழக்காத்துல ரெசினு வேர்க்கும் மக்ளே. நாங்க ஈரக்காத்து அடிச்சா மேட்டு போடமாட்டோம், ஷெட்ட மூடிருவோம்" என்றார். மேட்டு என்பது ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு. அவர் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின், என்னுடையது எபாக்சி. வேதியியல் வேறு என்று மனதுக்குள் அவரைத் திருத்திவிட்டு, அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டேன். படித்தவளின் திமிர் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

வேதியியல் வேறுதான், எச்சரிக்கை ஒன்றே. எச்ஒய் 951 போன்ற அமீன் ஹார்டனர்கள், இறுகி முடிவதற்குள் காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் கார்பமேட் என்ற மெழுகுப் படலத்தை உண்டாக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வார்த்தால் வேறென்ன நடக்கும்? வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் கொண்டு லேசாகத் தேய்த்தால் படலம் போய்விடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை ஆய்வகச் சுவரில் மாட்டி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குமேல் காட்டினால் வார்க்காமல் இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. ஆனால் நான், படலத்தைத் துடைக்காமலே அதன்மேல் மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பசையைப் பூசி, செம்புக் கம்பியைப் பதித்து, மின்முனைகளாக்கினேன். 5 கிராம் 3,900 ரூபாய்க்கு வாங்கிய பசை.

அந்தத் துண்டுகளைத்தான் ஜூலையில், துண்டை இரு முனையிலும் கவ்வி இழுத்துச் சோதிக்கும் யூடிஎம் இயந்திரத்தில் மாட்டி இழுத்தேன். அதுவரை என் துண்டுகளில் 2, 3 என்று வந்துகொண்டிருந்த கேஜ் ஃபேக்டர், இந்தத் தொகுதியில் 41 என்று வந்தது. ஆயிரம் மைக்ரோ திரிபுக்கு, அதாவது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீட்சிக்கு, மின்தடை 4.1 சதவீதம் ஏறியது. நான்கு துண்டுகளை இழுத்தேன். 36, 44, 41, 43. இயந்திரத்துக்கு அருகிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த எண்கள் இவ்வளவு சிதறியிருப்பது ஏன், பிசுபிசுத்த துண்டுகளில் மட்டும் ஏன் வருகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. ஈரம் நானோகுழாய் வலையைத் தளர்த்தி உணர்திறனைக் கூட்டுகிறது என்று நானே ஒரு விளக்கத்தைக் கட்டி, அதற்குப் படமும் வரைந்தேன். பதிவுக் கட்டணம், பயணம், தங்கல் என்று 17,500 ரூபாய் செலவழித்து ஒரு மாநாட்டில் அதைச் சொன்னேன். சிறந்த உரைக்கான சான்றிதழும் கொடுத்தார்கள். செப்டம்பரில் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

நவம்பரில் பதில் வந்தது. மூன்று பக்கக் குறிப்புகளில் என் கண் நின்றது ஒன்றரை வரியில்தான். அளவீடு இரு முனை முறையிலா, நான்கு முனை முறையிலா, மின்முனைத் தொடர்புத் தடை எவ்வளவு என்று கட்டுரையை மதிப்பிட்டவர் கேட்டிருந்தார். இரு முனை முறையில், மின்னோட்டத்தைச் செலுத்தும் அதே கம்பிகளிலேயே மின்னழுத்தத்தையும் அளப்பதால், பசைக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள தடையும் சேர்ந்தே வரும். நான்கு முனை முறையில் வெளிப்புற இரு முனைகள் மின்னோட்டத்தைச் செலுத்தும். உள்ளே தனியாக உள்ள இரு முனைகள் மின்னழுத்தத்தை மட்டும் படிக்கும். அவற்றில் மின்னோட்டம் அநேகமாக ஓடாததால் தொடர்புத் தடை கணக்கில் வராது. பாடமாக நடத்தியிருக்கிறேன் இதை. மின்தடையை அளக்கும் வீட்ஸ்டோன் பாலத்தைக் கரும்பலகையில் நூறு முறையாவது வரைந்திருக்கிறேன்.

அன்று இரவே கல்லூரிக்குப் போய், மிஞ்சியிருந்த துண்டு ஒன்றை மல்டிமீட்டரில் மாட்டி மேசைமேல் வைத்தேன். இழுவை ஏதும் இல்லை. வெள்ளிப் பசை பூசிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எண் சடாரென்று இறங்கியது. விரலின் சூடாக இருக்கலாம் என்று ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் அழுத்தினேன், அப்போதும் அப்படியே. துண்டின் நடுப்பகுதியை அதே ரப்பரால் அழுத்தியபோது எண் அசையவில்லை. மறுநாள் உள்ளே இரண்டு முனைகள் கூடுதலாக அமைத்து அளந்தேன். இரு முனை முறையில் 60 கிலோ ஓம் காட்டிய துண்டு, 40 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள உள்முனைகளுக்கு நடுவே 14 கிலோ ஓம் மட்டுமே காட்டியது. 50 மில்லிமீட்டர் முழு நீளத்துக்குக் கணக்கிட்டால் 17.5. மீதி 42.5 கிலோ ஓம், மெழுகுப் படலத்தின்மேல் உட்கார்ந்திருந்த வெள்ளிப் பசையினுடையது. இழுத்தபோது படலத்தின்மேலிருந்து பசை நுண்ணிய விரிசலோடு பெயர்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் உணர்திறன் என்று அளந்திருக்கிறேன். நான்கு முனையில் அதே துண்டு கொடுத்த கேஜ் ஃபேக்டர் 3.1.

ஒரு வாரம் எவரோடும் பேசவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தெரிந்தும், இந்த எண்ணை வைத்தே சமாளித்துப் பதில் எழுதலாமா என்று இரண்டு இரவுகள் யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. என் நெறியாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நானும் கேட்கவில்லையே" என்றார். அது இன்னும் வலித்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அடுத்த மாதம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழையில் திருநெல்வேலிப் பக்கம் போக்குவரத்தே நின்றுபோனதால், முன்பதிவு செய்திருந்த சோதனை நாளும் போனது. ஆய்வுப் படிப்புக்கு இரண்டு செமஸ்டர் கட்டணம் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று.

2024-இல் மறுபடி தொடங்கியபோது, பொருளைச் சந்தேகிப்பதற்குமுன் அளவீட்டைச் சந்தேகிப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். முதலில் இயந்திரத்தின் பிடி. யூடிஎம்மின் இரும்புத் தாடைகள் துண்டின் இரு முனைகளையும் கவ்வும்போது, மின்சாரத்துக்குத் துண்டைவிட எளிய வழியாக இயந்திரச் சட்டமே ஆகிவிடும்; கடத்தும் துண்டாயிற்றே. கண்ணாடி இழைத் தகட்டில் சிறு பட்டைகள் வெட்டி இரு முனைகளிலும் ஒட்டியபின், தாடைக்கும் மின்முனைக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதிசெய்த பிறகே ஒவ்வொரு துண்டையும் இழுக்கிறேன். இது சித்தப்பாவின் பட்டறையில் கழிந்த தகட்டில் வெட்டியது; செலவில்லை.

பிறகு வெப்பநிலை. என் துண்டுகளில் ஒரு டிகிரி ஏறினால் மின்தடை ஏறத்தாழ 0.1 சதவீதம் இறங்குகிறது. கேஜ் ஃபேக்டர் 3 உள்ள துண்டில் ஆயிரம் மைக்ரோ திரிபு தரும் மாற்றமே 0.3 சதவீதம்தான் என்பதால், அறையின் வெப்பநிலை மூன்று டிகிரி மாறினாலே முழுச் சோதனையும் அழிந்துவிடும். மதியம் கடற்காற்று திரும்பும்போது எங்கள் ஆய்வகத்தில் அந்த அளவு சர்வ சாதாரணமாக மாறும். அதே வார்ப்பில் எடுத்த இன்னொரு துண்டை, இழுக்காமல், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, அதன் மாற்றத்தைக் கழித்துக்கொள்வதுதான் எனக்குக் கைகொடுத்தது. அளக்கும் மின்னோட்டத்தையும் குறைவாக வையுங்கள்; கூடுதலாகச் செலுத்தினால் துண்டு உள்ளிருந்தே சூடேறும், நிலைக்காத எண்ணைப் பார்த்து நீங்கள் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடிப்பீர்கள்.

முதல் இழுவையின் எண்ணை நம்பக்கூடாது என்பதையும் தாமதமாகவே கற்றேன். புதிய துண்டை முதன்முறை இழுத்து விடும்போது மின்தடை தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதில்லை. வலையில் சில இணைப்புகள் நிரந்தரமாக அறுகின்றன, எபாக்சியும் சற்று மெதுவாகத்தான் திரும்புகிறது. உடையும் திரிபுக்கு வெகு கீழே பத்துப் பதினைந்து முறை இழுத்து விட்டுப் பழக்கிய பிறகே என் துண்டுகளில் ஏறு கோடும் இறங்கு கோடும் ஏறத்தாழ ஒன்றாயின. மின்முனைக்கு இப்போது வெள்ளிப் பசையை நம்புவதில்லை. மெல்லிய செம்பு வலையை வார்க்கும்போதே துண்டுக்குள் நான்கு இடங்களில் பதித்துவிடுகிறேன். வலையை மீட்டருக்கு 260 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் மேற்பரப்பைத் தேய்த்து, துடைத்து, பூசி, காய்ந்த பின்னர் ரப்பர் முனையால் அழுத்திப் பாருங்கள். எண் அசைந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தபின் 0.5 சதவீதத் துண்டுகள் 2.8-க்கும் 3.3-க்கும் நடுவே நிற்கின்றன. தூளைக் குறைத்துப் பெர்கோலேஷன் வரம்பை ஒட்டிப் போனால் எண் ஏறுகிறது, 0.2 சதவீதத்தில் 7 வரை கண்டேன். வரம்புக்கு அருகே வலையில் மாற்றுவழிகள் குறைவு, மின்சாரம் கடக்க வேண்டிய ஊடுருவல் இடைவெளிகள் அதிகம். அதனால் உணர்திறன் கூடும். அதே காரணத்தால் இரண்டு துண்டுகள் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. ஒரே கோப்பையில் வார்த்த இரண்டு துண்டுகளின் மின்தடை பத்து மடங்கு வேறுபட்டது. பெரிய எண்ணைவிட ஒரேபோல வரும் எண்ணையே நான் இப்போது தேர்ந்தெடுக்கிறேன். மாநாட்டில் சான்றிதழ் கிடைக்காது.

பணக்கணக்கில் சொல்லாமல் விட்டது, நுண்நோக்கிப் படங்களுக்கும் இழுவைச் சோதனைகளுக்கும் போன 45,000 ரூபாய். அவற்றில் பெரும்பாலானவை, மின்முனையே சரியில்லாத துண்டுகளுக்குக் கொடுத்த கட்டணம். முதல் நாளே நான்கு கம்பிகளும் ஒரு பென்சில் ரப்பரும் இருந்திருந்தால் அந்தத் துண்டுகள் மேசையைத் தாண்டியிருக்கா.

சென்ற ஆண்டு, சித்தப்பாவின் பட்டறையில் பழுதுக்கு வந்து நிற்கும் ஒரு பழைய வள்ளத்தின் உள்பக்கத்தில், ஏரா எனும் அடிக்கட்டை ஓரமாக, கையகல நீளத்துக்கு என் கலவையில் வார்த்த ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டிவைத்தேன். 40 நாட்களாக எவரும் தொடாத அந்த வள்ளத்தில் மின்தடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. எபாக்சி ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்தால் குழாய்களின் இடைவெளி அகலும். இழுத்ததற்கும் நனைந்ததற்கும் என் பட்டைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேலே மெழுகும் தகரத் தாளும் சுற்றிய இன்னொரு பட்டையை அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்; அதில் ஏற்றம் இதுவரை முதலாவதில் கால் பங்கு. "வள்ளம் கீறுமுன்ன இது சொல்லுமா மக்ளே?" என்று சித்தப்பா கேட்டார். மழை பெய்தால் இப்போதைக்கு நன்றாகச் சொல்லும் சித்தப்பா என்றேன். சிரித்துவிட்டு, ஷெட்டின் தார்ப்பாயை இறக்கிக் கட்டப் போனார்.